சாமை புடைக்கத் தெரிந்தவர் ‘அன்ஸ்கில்டு’ ஆளா? ஓர் ஆங்கிலச் சொல்லும் கொல்லிமலையும்

ரெஸ்யூமேவில் ‘ஸ்கில்டு’ என்று போடாதவர்கள் குறைவு. அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டால்தான் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள்.

‘ஸ்கில்டு’ என்றால்?

பயிற்சியாலோ அனுபவத்தாலோ ஒரு வேலையை நன்றாகச் செய்யக் கற்றவர். ‘டேலன்டட்’ என்பது இயல்பாகவே திறமை உள்ளவர். ‘குவாலிஃபைடு’ என்றால் அதற்கான தகுதி பெற்றவர். நடைமுறையில் நாம் மூன்றையும் குழப்பிக்கொண்டு, சர்டிஃபிகேட் இல்லாதவரை ‘அன்ஸ்கில்டு’ என்று சொல்லிவிடுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில் ‘அன்ஸ்கில்டு மேனுவல் ஒர்க்’ என்ற தொடர் இடம்பெற்றிருந்தது. திறனோ தனிப்பயிற்சியோ இல்லாமல், வயதுவந்த எவரும் செய்யக்கூடிய உடலுழைப்பு என்பது அதன் பொருள். யாருக்கும் வேலை மறுக்கப்படக் கூடாது என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். ஆனால், அந்தச் சொல் குறிப்பது வேலையை, ஆளை அல்ல. பேச்சுவழக்கில் இந்த வித்தியாசம் காணாமல் போகிறது.

கொல்லிமலையில் பார்த்தால்?

70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போனால், மலையாளிப் பழங்குடியினரின் சிறுதானிய நிலங்கள். அங்கே சாமையைக் காயவைத்து, உரலில் குத்தி, முறத்தில் புடைத்து அரிசியாக்குவது பெண்களின் வேலை. ஓங்கிக் குத்தினால் நொய்யாகிவிடும். மெதுவாகக் குத்தினால் உமி போகாது. அந்தப் பதம் கைக்குத்தான் தெரியும். இந்தக் கடும் உழைப்பும் சிறுதானியச் சாகுபடி சுருங்கி, மரவள்ளி பெருக ஒரு காரணம். பிறகு எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் உமி நீக்கும் இயந்திரங்கள் ஊருக்குள் வந்தன.

இன்னொரு விஷயம். ‘ஸ்கில்’ என்ற சொல்லின் வேர், பழைய நார்ஸ் மொழியின் ‘ஸ்கில்’. பிரித்தறிதல் என்று பொருள். உமியையும் கல்லையும் அரிசியையும் பிரிக்கும் முறத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா?

என்ன செய்யலாம்?

அனுபவத்தால் கற்றதைச் சோதித்துச் சான்று தரும் ‘முன்கற்றல் அங்கீகாரம்’ மத்திய அரசின் திறன் திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. விதை தேர்வு, தானியப் பக்குவம் போன்ற மலை வேலைகளுக்கும் அதில் இடம் வேண்டும். கூலியிலும் அது தெரிய வேண்டும். அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு: ‘அன்ஸ்கில்டு’ என்ற சொல்லை வேலையோடு நிறுத்திக்கொள்வோம், மனிதர்மேல் ஒட்ட வேண்டாம்.