மகனின் லேப்டாப் நம் வீட்டுச் சொத்தல்ல

கொரோனாவுக்குப் பிறகு நம்மில் பலர் வீட்டுக்குள் ஓர் அலுவலகம் வந்து உட்கார்ந்துவிட்டது. மகனோ மருமகளோ சாப்பாட்டு மேஜையில் கம்பெனி லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். அதனால் வரும் மனஸ்தாபங்கள்தான் எங்கள் காலை நடைப்பயிற்சியில் முக்கியப் பேச்சு. "மின்சார பில் கட்ட ரெண்டு நிமிஷம் கேட்டேன், தரமாட்டேங்கிறான்." "பேத்தியோட பிறந்தநாள் படமெல்லாம் பென் டிரைவில் இருக்கு, அதைப் போட்டுக் காட்டினா என்ன குறைஞ்சு போயிடும்?"

இந்த வழக்கில் என் ஓட்டு பிள்ளைகளுக்குத்தான்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். பணப்பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அதிகாரியிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். லீவு போட்டால் சாவியை அடுத்தவரிடம் ஒப்படைத்து, பதிவேட்டில் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாவியை வீட்டில் யாராவது விளையாடக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா? இன்றைக்கு அந்தச் சாவிதான் லேப்டாப் வடிவில் மேஜையில் கிடக்கிறது. பளபளவென்று இருப்பதால் நமக்கு அது டிவிக்குத் தம்பி மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

பென் டிரைவையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோ, ஸெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர் என்று ஊரெல்லாம் சுற்றிவிட்டு வருகிற பொருள் அது. எந்தக் கணினியில் என்ன ஒட்டிக்கொண்டது என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பல கம்பெனிகள் அதைச் சொருகும் வழியையே அடைத்துவிடுகின்றன. அடைக்காத இடத்திலும், சொருகிய நிமிஷமே அங்கே தகவல் போய்விடும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. அப்பா சொருகினார், மகளிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவள் அப்பா பெயரை இழுக்காமல், தானே செய்ததாக எழுதிக் கொடுத்தாள். வேலை தப்பியது, அந்த வருஷத்துப் பதவி உயர்வு தப்பவில்லை. இதை என்னிடம் சொன்னவர் அந்த அப்பாதான்.

கம்பெனிக்காரர்கள் மிகையாகப் பயப்படுகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. லாஸ்ட்பாஸ் என்று ஓர் அமெரிக்கக் கம்பெனி. ஊராரின் கடவுச்சொற்களைப் பூட்டி வைப்பதுதான் அதன் தொழிலே. 2022இல் அதன் பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினிக்குள் திருடர்கள் புகுந்தார்கள். வழிவிட்டது, சினிமா பார்க்கப் போட்டுவைத்திருந்த ஒரு மென்பொருள். அதிலிருந்த ஓட்டையை அடைத்த புதிய பதிப்பு 2020லேயே வந்துவிட்டது, அவர் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தட்டிய எழுத்துகளை ஒட்டுக்கேட்டு, வாடிக்கையாளர் பெட்டகங்களின் நகலையே எடுத்துப் போய்விட்டார்கள். சினிமாவும் சாவியும் ஒரே பெட்டியில் இருந்ததன் பலன்.

அதற்காகக் கம்பெனி வகுக்கும் விதியெல்லாம் வேதம் என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்று என்பது சுத்த வீண். அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட், 2017லேயே அப்படிக் காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் மனிதன் என்ன செய்வான்? கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவான், இல்லாவிட்டால் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் வைப்பான். இன்னொன்று, பிள்ளைகள் சொந்தக் காசில் வாங்கிய போனிலும் கம்பெனியின் மென்பொருளைப் போடச் சொல்கிறார்களே, அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. சில இடங்களில் போனில் இருப்பதை அங்கிருந்தே அழிக்கும் அதிகாரமும் அதோடு போய்விடுகிறது. போன் வேண்டுமென்றால் கம்பெனியே வாங்கிக் கொடுக்கட்டும்.

ஆனால் அது அவர்களுக்கும் கம்பெனிக்கும் உள்ள வழக்கு. நாம் நடுவில் புகுந்து சிக்கலாக்க வேண்டாம். மகள் காபி குடிக்க எழுந்து போகும்போது திரையைப் பூட்டிவிட்டுப் போனால், "எங்களையே நம்பமாட்டியா?" என்று கேட்காதீர்கள். பாவம், அவள் பதில் சொல்ல முடியாமல் சிரிப்பாள்.

மின்சார பில் கட்ட மின்வாரியத்தின் செயலி நம் போனிலேயே ஓடும். பேத்தி படங்களுக்கும் வழி இருக்கிறது: இப்போதைய டிவிகளில் பின்பக்கம் பென் டிரைவ் சொருக இடம் இருக்கும். லேப்டாப்பைவிடப் பெரிதாகவே தெரியும்.