அப்பாரு கண்ட ஐரோப்பா

பழனிக்கும் திருமூர்த்தி மலைக்கும், சற்று வசதி வாய்த்தால் காசிக்கும் ராமேசுவரத்துக்கும் குடும்பத்தோடு யாத்திரை போனவர்களின் பிள்ளைகள், இன்று உடுமலைப்பேட்டையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் கோடை விடுமுறையில் ஐரோப்பாவுக்குப் புறப்படுகிறார்கள். வரவேற்கத் தக்க மாறுதலே. ஆயினும், காசிக்குப் போகும்போது முதலில் வண்டியேற்றப்பட்ட பெற்றோர் ஐரோப்பாவுக்குப் போகும்போது மட்டும் தோட்டத்துக்குக் காவலாக விடப்படுவது ஏன் என்று கேட்டால், ‘அவர்களால் அலைய முடியாது’ என்ற பதிலே வருகிறது. அலைச்சலை யார் விதித்தார்கள் என்பதை ஒருவரும் யோசிப்பதில்லை.

1995 முதல் எல்லைச் சோதனையை நீக்கத் தொடங்கிய ஷெங்கன் ஏற்பாட்டில் இப்போது 29 நாடுகள் சேர்ந்திருக்கின்றன. ஒரே விசாவில் அத்தனைக்கும் போகலாம் என்ற சௌகரியமே நம்மவர்களுக்கு ஒரு சபலமாகிவிட்டது. காலை ஒரு தேசம், மாலை ஒரு தேசம் என்று பயணக் கம்பெனிகள் நிரலிடுகின்றன. பேருந்தைவிட்டு இறங்கி, படமெடுத்து, மறுபடி ஏறுவதே யாத்திரையாகிறது. இத்தகைய ஓட்டத்துக்கு வயோதிகர் இடையூறுதான். என் அபிப்பிராயம் என்னவென்றால், அந்த இடையூறு ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் போய்வந்த பிரயாணத்தை இன்று எண்ணிப் பார்க்கையில், மனத்தில் தங்கியிருப்பவை பெரும்பாலும் என் தகப்பனார் நகர மறுத்து நின்ற இடங்களே. தென்னையும் கறவை மாடுகளுமாக ஆயுளைக் கழித்தவர் அவர். மண்வெட்டிப் பிடியில் ரேகை தேய்ந்துபோன அவருடைய கட்டைவிரலை விசா மையத்துக் கருவி ஏற்றுக்கொள்ளாமையால், அங்கிருந்த பெண் ஈரத் துணியால் துடைத்துத் துடைத்து, ‘இன்னொருக்கா அமுத்துங்கய்யா’ என்று பொறுமையோடு சொல்லிக்கொண்டிருந்தாள். பாரிஸில், 1889-இல் எழுந்த ஈஃபில் கோபுரத்தை அவர் அண்ணாந்து ஒரு தரம் பார்த்ததோடு சரி. வரிசை நீளம், காற்று குளிர். அதைப் பற்றி வேறு சொல்வதற்கில்லை.

சுவிட்சர்லாந்தின் லௌட்டர்புருன்னன் பள்ளத்தாக்கில்தான் அவர் நின்றார். செங்குத்தான பாறைச் சுவர்களிலிருந்து அருவிகள் விழுகிற இடம் அது. அவற்றுள் ஸ்டௌப்பாக் என்னும் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து புகையாகச் சிதறுகிறது. மேற்கே ஓட வேண்டிய ஆற்று நீரை ஆனைமலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, காண்டூர் கால்வாய் வழியாகத் திருமூர்த்தி அணையில் சேர்த்து, நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துப் பாய்ச்சுகிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தின் கடைமடையில் இருந்துகொண்டு, முறை வரும் இரவுகளில் கைவிளக்கோடு மடை காத்த மனிதர், அந்த அருவியை வெகுநேரம் பார்த்துவிட்டுப் பேரனை அழைத்து, ‘ஏங்கண்ணு, இத்தன தண்ணியும் யாருதுன்னு அவரக் கேளு’ என்றார். பையன் கேட்டான். விடுதிக்காரருக்குக் கேள்வியின் பொருளே விளங்கவில்லை, சிரித்து வைத்தார்.

மறுநாள் மலை ரயிலில் ஏறும்போது தண்டவாளங்களுக்கு நடுவே இருந்த பல்வரிசையைப் பேரனுக்குக் காட்டி, ‘நம்ம ஊட்டி ரயிலுக்கும் இப்படித்தான்’ என்றார் அவர். உண்மைதான், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் பாதையின் பல்சட்ட முறை ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் வகுத்தது, அதில் ஓடிய பழைய நீராவி எஞ்சின்களும் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டவை. அன்று மாலை என் தாயார், வாடகை வீட்டின் மின்னடுப்பில் அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கினார். நெய் மட்டும் அந்த ஊர் வெண்ணெயை உருக்கியது. அது நம் ஊர் நெய்யைவிட வாசனை குறைவு என்று தீர்ப்பாயிற்று.

நெதர்லாந்தில் நிலைமை நேர்மாறு. நாட்டின் ஏறத்தாழக் கால் பாகம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடப்பதால், அங்கே தண்ணீரை வெளியே இறைப்பதே பெரும்பாடு. பெரும்பாலும் 1740-ஐ ஒட்டிக் கட்டப்பட்ட கிண்டர்டைக் காற்றாலைகள் 19 அதற்காகவே எழுந்தவை. குடிமங்கலம், பூளவாடிப் பக்கத்துக் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அவை பொம்மைகளாகத் தோன்றின; தகப்பனாரோ அவற்றின் கீழே ஓடிய வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த நீரை நிர்வகிக்கும் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலேயே தோன்றியவை என்றும், இன்றும் ஜனங்கள் வாக்களித்து அவற்றுக்கு அங்கத்தினரைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்றும் நான் விவரித்தேன். பாசன சபைத் தேர்தல்களில் அனுபவம் மிக்கவரான அவர், ‘தண்ணிய வெளிய தள்றதுக்குமா எலெக்‌ஷன்?’ என்று கேட்டு, அன்று முழுவதும் தமக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி நூல் எதிலும் இக்கேள்வி இல்லை.

தொழில் படைத்தவன் கண்ணுக்கு அந்நிய தேசம் தனியாகத் திறக்கிறது. 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே, எங்கள் ஊரை ஊடுருவிச் செல்லும் பாதையில், தம் முதல் பேருந்தை ஓட்டிய ஜி.டி. நாயுடு ஐரோப்பாவுக்குப் போனதும் இயந்திரங்களையும் தொழிற்சாலைகளையும் நாடியே. 1936-இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தம் காமிராவில் பதிவு செய்தவரும் அவரே. நம்முடைய வீடுகளில் விவசாயமும் நெசவும் தறியும் அறிந்த பெரியவர்கள் இருக்க, ஓவியக் கூடங்களின் வாசலில் கடமைக்காகக் கால் மணி நேரம் நிற்கும் இளையவர்களை மட்டும் அனுப்புவது வீண் செலவாகவே எனக்குப் படுகிறது.

பக்கத்துத் தோட்டத்துக்காரர், தாயாருக்கு முழங்கால் வலி என்பதால், அவரை விட்டுவிட்டு எட்டு நாடுகளுக்குப் பணம் கட்ட இருந்தார். ஒரே தேசம், இரண்டே ஊர், சமையலறை உள்ள வீடு, ரயில் பிரயாணம், நினைத்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் சுதந்திரம் என்று நான் வற்புறுத்தியதோடு, ஈஃபில் கோபுரத்தையும் விட்டுவிடச் சொன்னேன். இந்தக் கடைசி யோசனைக்குப் பிள்ளைகள் இணங்கவில்லையாம். தாயாருக்குப் பாஸ்போர்ட் எடுக்க மட்டும் விண்ணப்பம் போயிருக்கிறது.