முட்டாளுக்கு எப்போது சாந்தகப்பை கொடுப்பீர்கள்?

யாழ்ப்பாணத்தில் மேசனுக்கு உதவியாக நிற்கிற ஆளை 'முட்டாள்' என்றுதான் சொல்வோம். வெளியிடங்களிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் திடுக்கிடுவார்கள். அது திட்டுகிற சொல் இல்லை. முட்டுக் கொடுக்கிற ஆள், அதனால் முட்டாள் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்லக் கேட்டிருக்கிறோம். "நாளைக்கு ரெண்டு மேசன், மூண்டு முட்டாள்" என்று கொந்தராத்துக்காரர் தொலைபேசியில் கணக்குச் சொல்லும்போது ஆரும் சிரிப்பதில்லை. ஆனால் அதே பெடியனைப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பிழைத்தபோது அதே சொல்லால், இந்தமுறை திட்டுகிற அர்த்தத்திலேயே, கூப்பிட்டிருப்பார்கள். இரண்டு அர்த்தமும் அவன் காதில் சேர்ந்துதான் விழும்.

எங்களோடு பதினோராம் ஆண்டு வரை ஒரே வாங்கில் இருந்த நண்பன் ஒருவன் இருக்கிறான். 2018 டிசம்பரில் சாதாரண தரம் எழுதினோம். அவனுக்குக் கணிதம் போய்விட்டது. அடுத்த சித்திரைக்குப் பிறகு ஊரில் ஒரு மேசனோடு வேலைக்குப் போகத் தொடங்கினான். நாங்கள் உயர்தரம் எழுதி, கொரோனாவில் இழுபட்டு, கம்பஸ் வந்து, இப்போது இறுதி ஆண்டை எட்டிப் பார்க்கிறோம். அவன் இன்னும் முட்டாள்தான்.

வேலை தெரியாமல் இல்லை. போன விடுமுறையில் கைச்செலவுக்குக் காசு இல்லாமல் நாங்கள் மூன்று பேர் அவனோடு பதினெட்டு நாள் வேலைக்குப் போனோம். அத்திவாரம் வெட்டி, கல் சுமந்து, சாந்து குழைத்தோம். முதல் நாள் முடிவில் விரல்களை மடக்க முடியவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். மேசன் தேத்தண்ணிக்குப் போகிற நேரத்தில் அவன் சாந்தகப்பையை எடுப்பான். நாலு வரி கல் வைப்பான். தூக்குக் குண்டைப் பிடித்துப் பார்த்தால் அசையாது. மேசன் திரும்பி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் முன்பக்கச் சுவர் பூசும்போது கூப்பிடவும் மாட்டார். "நீ பின்பக்கம் பூசு, அதை ஆர் பாக்கப் போகினம்" என்பார். அவன் தொழில் பழகியது முழுக்க ஆரும் பார்க்காத சுவர்களில். குசினியின் பின்புறம், கக்கூஸ், பின்மதில். சம்பளம் மட்டும் முட்டாளின் சம்பளம். மேசனுக்குக் கிடைப்பதில் பாதிக்குச் சற்று மேல்.

தொழிற்கல்வி பற்றிக் கூட்டங்களில் பேசுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: எங்கட பெடியள் கைவேலையை மதிக்கினம் இல்லை, எல்லாருக்கும் கதிரையில இருந்து பாக்கிற வேலைதான் வேணும். இதில் உண்மை இல்லாமல் இல்லை. கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நாங்கள் அதை மறுக்கவும் ஏலாது. ஆனால் கைவேலைக்கு ஏற்கெனவே போய், ஏழாவது ஆண்டாக வெயிலில் நிற்கிறவனைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் இருக்காது. எங்கள் ஊர்களில் தொழில் பழகல் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அதற்கு ஒப்பந்தம் இல்லை, கால எல்லை இல்லை, காகிதம் இல்லை. முதலில் அதைக் கேட்போம். பெடியளின் மனநிலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

சட்டமும் சபைகளும் இல்லாத நாடு இல்லை இது. 1971 இலேயே தேசிய பயிலுனர் சபை வந்துவிட்டது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த தெற்கு இளைஞர்கள் ஆயுதம் எடுத்ததும் அதே ஆண்டுதான். 1990 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்தச் சபை நைட்டா என்று நாங்கள் சொல்கிற பயிலுனர், கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையாக மாறியது. 1995 இல் தொழிற்பயிற்சி அதிகார சபை வந்தது. பிறகு என்.வி.கியூ. என்கிற தேசிய தொழிற் தகைமை முறை: 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். கல் வைக்கத் தொடங்கியவன் படிப்படியாக ஏறி இரத்மலானையில் இருக்கும் யுனிவொடெக் பல்கலைக்கழகத்தில் பட்டம் வரை போகலாம். காகிதத்தில் அழகான ஏணி. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிற அதே இடத்தில் 2016 முதல் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகிறது. ஒரே தெருவால் இரண்டு வகைப் பிள்ளைகளும் போய்வருகிறார்கள்.

பிறகு ஏன் எங்கள் நண்பன் போகவில்லை? கேட்டோம். "ஆறு மாசம், ஒரு வருசம் எண்டு போய் இருந்தா வீட்டை ஆர் பாக்கிறது?" என்றான். அவனுக்கு அப்பா இல்லை. முழுநேர வகுப்புக்குக் கொடுக்கிற சிறு கொடுப்பனவு பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் போய்விடும். வேலைத்தளத்தில் முதல் நாளே கையில் காசு. பதினாறு வயதில் நாங்களும் அதைத்தான் தெரிவு செய்திருப்போம்.

வேலை செய்துகொண்டே பழகும் பயிலுனர் முறையும் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது ஒரு நிறுவனத்தை எதிர்பார்க்கிறது. பதிவு வேண்டும், கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். எங்கள் ஊரில் வீடு கட்டுகிறவரிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு தொலைபேசி, வாடகைக்கு எடுத்த கொங்கிறீட் மெசின். கணக்கெல்லாம் சட்டைப் பைக்குள் ஒரு சின்னக் கொப்பியில். ஊரில் எழும்புகிற வீடுகளில் பெரும்பாலானவற்றை அவரைப் போன்றவர்கள்தான் கட்டுகிறார்கள், பெரும்பாலான பெடியள் அவர்களிடம்தான் பழகுகிறார்கள். திட்டம் ஓரிடத்தில், பழகல் வேறிடத்தில்.

ஆள் விழுந்தாலும் இதே கதைதான். வேலையில் காயப்பட்டால் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்கிற சட்டம் இந்த நாட்டில் 1934 இலிருந்து இருக்கிறது. நண்பனோடு நின்ற இன்னொருவன் சாரமரத்திலிருந்து விழுந்து கை முறிந்து கிடந்தபோது, வேலை கொடுத்தவர் ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். அவன் அவரிடம்தான் வேலை செய்தான் என்பதற்கே ஒரு துண்டு இல்லை.

மேசனின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவரிடமே கேட்டோம். "பழக்கி விட்டா அடுத்த மாசமே தனியாக் கொந்தராத்து எடுத்துக்கொண்டு போயிடுவான் தம்பி" என்றார். அவர் தொழில் பழகியது யுத்தம் முடிந்த பிறகு, இந்திய வீட்டுத்திட்ட காலத்தில். வடக்கு கிழக்கில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய், தவணை தவணையாக. கட்டுவிக்க வேண்டியது வீட்டுக்காரரே. 2012 இலிருந்து சில ஆண்டுகளுக்குள் எல்லாக் காணிகளிலும் ஒரே நேரத்தில் அத்திவாரம் வெட்டினால் மேசனுக்கு எங்கே போவது? நேற்றுவரை தோட்டம் செய்தவரும் கடலுக்குப் போனவரும் சாந்தகப்பை பிடித்தார்கள். தேவை அவர்களை மேசன் ஆக்கியது. தேவை குறைந்ததும் வந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இவரிடமும் எந்தச் சான்றிதழும் இல்லை. தன்னிடம் இல்லாத காகிதத்தை முட்டாளுக்கு எடுத்துக் கொடுக்க அவர் ஏன் முன்வர வேண்டும்?

வேலைத்தளமே எல்லாம் கற்றுக்கொடுத்துவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அந்தப் பதினெட்டு நாளில் ஒரு நாள் கொங்கிறீட் போட்டோம். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று சீமெந்து, மணல், கல் எல்லோருக்கும் வாய்ப்பாடு. தண்ணிக்கு மட்டும் அளவு இல்லை. இறுகலாக இருந்தால் கொட்ட ஏலாது என்று வாளி வாளியாக ஊற்றினோம். தண்ணி கூடினால் கொங்கிறீட்டின் பலம் குறையும் என்று அங்கே ஆரும் சொல்லவில்லை. அது உவர்க் கிணற்றுத் தண்ணி வேறு. கரையோர ஊர்களில் உப்பு உள்ளே போனால் கம்பி துருப்பிடித்து ஊதும், பத்துப் பதினைந்து ஆண்டில் பிளாட்டின் அடிப்பக்கம் உரிந்து விழும். அப்படி உரிந்த வீடுகளை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். "கடற்காத்து" என்று சொல்லிவிட்டுப் போவோம். கம்பிக்கும் பலகைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும், அது எதற்கு என்பதெல்லாம் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிற விசயம். நண்பனின் கைக்குப் பதம் தெரியும், காரணம் தெரியாது. வகுப்பில் மட்டும் படித்து வந்தவனுக்குக் காரணம் தெரியும், ஆனால் சாரமரத்தில் நின்று நாள் முழுக்கப் பூசக் கை வராது.

ஜேர்மனியில் இந்த இரண்டையும் ஒரே ஒப்பந்தத்துக்குள் வைத்திருக்கிறார்கள். மேசன் பழக மூன்று ஆண்டு. வேலைத்தளமும் பாடசாலையும் மாறி மாறி. கொடுப்பனவு ஒவ்வோர் ஆண்டும் ஏற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்களுக்கு அதில் பிடித்தது கட்டடமோ இயந்திரமோ இல்லை, அந்த 'மூன்று ஆண்டு' என்கிற எண். எப்போது முடியும் என்று பழகுகிறவனுக்குத் தெரிகிறது. எங்கள் நண்பனிடம் அப்படி ஓர் எண்ணை ஆரும் சொன்னதில்லை.

முடியாது என்று சொல்லிவிட ஏலாத சில விசயங்கள் இங்கேயும் உண்டு. ஊரில் வீடு கட்டுவதென்றால் பிரதேச சபையில் வரைபடத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும். அப்படியென்றால் எந்த ஒழுங்கையில் எந்த வீடு எழும்புகிறது என்கிற பட்டியல் சபையிடம் இருக்கிறது. பரீட்சகர் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேலைத்தளத்துக்கு வரலாமே? பெடியன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியதில்லை. அரச காசில் கட்டுகிற பாடசாலைக் கட்டடம், ஆஸ்பத்திரி விடுதி, வீட்டுத்திட்டம் எதுவானாலும், இத்தனை பயிலுனரை ஒப்பந்தத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று கேள்விப் பத்திரத்திலேயே எழுதலாம். மழைக்காலத்தில் வேலை குறைகிற கார்த்திகை, மார்கழியில் அந்தத் தண்ணி, கம்பி, உப்பு வகுப்பை வைக்கலாம். பழக்கிவிடுகிற மேசனுக்கும் ஏதாவது கிடைக்க வேண்டும், முதலில் அவருக்கே ஒரு சான்றிதழ். பெண்களையும் மறக்கக்கூடாது. வன்னியில் எத்தனையோ பெண்கள் கல்லரிந்து, சாந்து சுமக்கிறார்கள். சாந்தகப்பையோடு நாங்கள் கண்டவர்கள் ஒன்றிரண்டு பேர்தான்.

காசு எங்கே என்று கேட்பார்கள். 2020 இல் 50 ஆயிரம் பட்டதாரிகளை எடுத்து, மாதம் 20,000 ரூபாய் கொடுத்து, ஓராண்டு அலுவலகங்களில் பயிற்சிக்கு விடுவதாக அரசு சொன்னது. எங்கள் அக்காமாரும் அதில் போனார்கள், அந்தக் காசில் எங்கள் வீடுகளிலும் அடுப்பு எரிந்தது. அதனால் அதைக் குறைசொல்ல வரவில்லை. ஆனால் கதிரை போதாமல் முறை வைத்து இருந்த கதையும் அவர்களே சொன்னதுதான். பட்டதாரிக்கு ஒரு பயிலுனர் ஆண்டைக் காசு கொடுத்து வாங்க முடிந்த நாட்டுக்கு முட்டாளின் ஏழு ஆண்டு கண்ணில் படவில்லை.

காகிதம் இல்லாததன் விலை விமான நிலையத்தில்தான் சரியாகத் தெரியும். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள். கட்டட வேலை அப்படியே நின்றுபோன ஆண்டு அது. எங்கள் ஊரிலிருந்து கட்டாருக்குப் போன அண்ணா ஒருவர் ஒன்பது ஆண்டு மேசன் வேலை செய்தவர். தாளில் அவர் 'லேபர்'. அங்கே போயும் சாந்துதான் சுமந்தார்.

முன்கற்றலை அங்கீகரிக்கிற வழி ஒன்று என்.வி.கியூ. முறைக்குள்ளேயே இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி, பரீட்சகர் முன்னால் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். ஏழு ஆண்டில் இதை அவனுக்குச் சொன்ன ஆள் ஒருவரும் இல்லை. எங்களுக்கே இந்தக் கட்டுரைக்காகத் தேடியபோதுதான் தெரியும். போன மாதம் ஒரு பின்னேரம் அவனோடு இருந்து விண்ணப்பத்தை நிரப்பினோம். அனுபவம் எத்தனை ஆண்டு என்ற இடத்தில் ஆறரை என்று எழுதச் சொன்னான். ஏழு என்று போடலாமே என்றால், கொரோனா நேரம் ஆறு மாதம் வேலை இல்லையாம். வேலை கொடுத்தவரின் கடிதத்துக்கு மேசன் "பிறகு பாப்பம்" என்றிருக்கிறார்.

செய்த வேலைக்குப் படங்களும் வேண்டும். அடுத்த ஞாயிறு சைக்கிளில் எங்களை ஊர் முழுக்கக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு வீட்டிலும் முன்வாசலால் போகவில்லை. எல்லா இடமும் பின்படலையைத் திறந்து, வாழைக்குள்ளால் போய், ஒவ்வொரு சுவராகக் காட்டினான். நாங்கள் தொலைபேசியில் எடுத்துக்கொண்டு நின்றபோது ஒரு வீட்டு அம்மா வெளியே வந்தார்.

"என்ன தம்பியவை, கக்கூஸ் சுவரைப் படம் எடுக்கிறியள்?"

"நான் பூசினது அம்மா," என்றான்.