ஆழ்கடல் மிதவைகளில் சிக்கனம் கூடாது

எல் நினோ என்றதும் பசிபிக் கடலின் மேற்பரப்பு எத்தனை டிகிரி சூடேறியது என்றே கேட்கிறோம். மேலே தெரிவதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த வெப்பம் ஆழத்தில் நகரத் தொடங்கிவிடுகிறது. கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று வெதுவெதுப்பான நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளிக் குவித்து வைத்திருக்கும். காற்று தளர்ந்தால் அந்த வெப்பம் கெல்வின் அலையாகக் கிளம்பி, நிலநடுக்கோட்டை ஒட்டியே நகர்ந்து, இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையை எட்டும். கிழக்கே கடல் சூடாகச் சூடாகக் காற்று இன்னும் தளரும்; அதனால் கடல் இன்னும் சூடாகும்.

1982-இல் இது கண்முன் நடந்தும் உலகம் தாமதமாகவே உணர்ந்தது. மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வானில் பரப்பிய படலம், செயற்கைக்கோள் கணித்த கடல் வெப்பநிலையைக் குறைத்துக் காட்டியது. அந்த அடிக்குப் பிறகே, 1994-க்குள், வெப்பமண்டல பசிபிக்கில் சுமார் 70 மிதவைகள் நங்கூரமிடப்பட்டன. மேலே காற்றையும், கீழே 500 மீட்டர் வரை வெப்பநிலையையும் அவை ஒரே இடத்தில் அளந்தன. 1997-இன் பெரும் எல் நினோ வளர்ந்ததை அறிவியலாளர்கள் உடனுக்குடன் பார்க்க முடிந்தது.

இப்படிப்பட்ட அமைப்பையே நலிய விட்டார்கள். மிதவைகளைப் பராமரித்துவந்த கப்பலுக்கு அமெரிக்கா 2012-இல் ஓய்வு கொடுத்தது. 2014 தொடக்கத்தில் வரவேண்டிய தரவுகளில் சுமார் 40 சதவீதமே வந்தது. பெரிய கெல்வின் அலை ஒன்று கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்த நேரம் அது. வலுவான எல் நினோ வருமென்று பலர் எதிர்பார்த்தார்கள். காற்று துணைநிற்காததால் அது அந்த ஆண்டு வரவில்லை. காற்றையும் கடலையும் சேர்த்துப் பார்த்தே தீரவேண்டிய மாதங்களில் பாதி மிதவைகள் ஊமையாகிக் கிடந்தது மன்னிக்க முடியாத அலட்சியம்.

செயற்கைக்கோளும், ஆர்கோ எனப்படும் மிதக்கும் கருவிகளும் போதுமே என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஆர்கோ ஏறத்தாழ 10 நாளுக்கு ஒருமுறையே ஆழத்திலிருந்து மேலே வரும். காற்றை அளப்பது அதன் வேலை அல்ல. பழையபடி ஒரே இடத்தில் தொடரும் அளவீடு அறுந்துபோனால், விட்டுப்போன மாதங்களை எந்தப் பணத்தாலும் மீட்க முடியாது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. 1997-இல் எல் நினோ உச்சத்தில் இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பொய்க்கவில்லை; இந்தியப் பெருங்கடலின் இருமுனை வெப்ப ஏற்றத்தாழ்வு அதற்குக் கைகொடுத்ததாக ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ ஆண்டுகளில் பெரும்பாலும் வலுக்கிறது; 2015-இல் சென்னை மூழ்கியதும் அப்படியொரு ஆண்டில்தான். ஆகவே இந்தியப் பெருங்கடல் மிதவைகளுக்கான கப்பல் நாட்களையும் உதிரிக் கருவிகளையும் மத்திய அரசு பல ஆண்டுகளுக்கான தனி ஒதுக்கீடாக உறுதிசெய்ய வேண்டும். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும் செலவுகளின் பட்டியலில் அவை இருக்கக் கூடாது.