போன் விலையை மட்டும் பார்த்து வாங்காதீங்க!

நம்ம காங்கேயத்துல ரைஸ் மில் மோட்டார் காயில் எரிஞ்சா, மோட்டாரையே தூக்கிப் போடுவோமுங்களா? ரீவைண்டிங் பண்ணி ஓட்டுவோம். ஆனா போன் டிஸ்ப்ளே உடைஞ்சா மட்டும் புது போன், புது இஎம்ஐ. காரணம், ஸ்பேர் விலையைக் கேட்டாலே தலை சுத்துது.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வர்ற போன்களுக்கு, அந்த மாடல் விற்பனை நின்ன பிறகும் 7 வருஷம் முக்கியமான ஸ்பேர் கொடுத்தாகணும். நம்ம மத்திய அரசு 2022-ல 'பழுதுபார்க்கும் உரிமை' இணையதளம் தொடங்குச்சு. அதுல தகவல் கிடைக்கும், கம்பெனியைக் கட்டாயப்படுத்தாது. சட்டமே வேணுமுங்க.

அதுவரைக்கும், வாங்கும்போதே டிஸ்ப்ளே, பேட்டரி மாத்த எவ்வளவு ஆகும்னு கேளுங்க. போன் விலையோட அதையும் கூட்டிப் பாருங்க. எது உண்மையிலேயே சீப்புன்னு அப்பத் தெரியும்.