நிலாவுக்கு ஈ.எம்.ஐ. வேண்டாம்



பௌர்ணமி ராத்திரி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைத் திறந்தால் வரிசையாக வெள்ளைத் திட்டுகள். சித்தியின் மொட்டை மாடியிலிருந்து ஒன்று, அடுத்த வீட்டுப் பையனிடமிருந்து ஒன்று, திருவண்ணாமலை கிரிவலப் பாதையிலிருந்து நாலைந்து. கண்ணுக்கு அவ்வளவு அழகாகத் தெரிந்த நிலா, போனில் மட்டும் ஏன் இப்படி?

"நல்ல கேமரா இருந்தால்தான் வரும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பிறகு விளம்பரம் கண்ணில் படும். நூறு மடங்கு ஜூம், விலை லட்சத்துக்கு மேல், மாதத் தவணை வசதி உண்டு. பட்டனை அழுத்தும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

நிலா தானாக எரியும் விளக்கு அல்ல. நல்ல வெயிலில் கிடக்கும் பாறை. தன்மேல் விழும் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத்தான் திருப்பி அனுப்புகிறது. நம் ஊர் பழைய தார் ரோட்டின் நிறம்தான் அதற்கு. இருந்தாலும் வெயில் வெயில்தானே? போனுக்கு இது புரிவதில்லை. சுற்றிலும் இருட்டு என்று நினைத்து மொத்தப் படத்தையும் வெளுப்பாக்குகிறது. நிலாவின் கறைகளெல்லாம் அதில் கரைந்துபோகின்றன.

சரி, என்ன செய்யலாம்? திரையில் நிலாவின் மேல் விரலை வைத்து இரண்டு விநாடி அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் சூரியன் போல ஒரு சின்னம் வரும். அதைக் கீழே இழுங்கள். வானம் கறுத்து, வெள்ளைத் திட்டுக்குள் சாம்பல் நிறக் கறைகள் தெரியும்வரை இழுங்கள். போனை மாடிச் சுவரில் சாய்த்து, டைமரை மூன்று விநாடிக்கு வையுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். 3,84,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பொருளுக்கு நம் ஃபிளாஷ் என்ன செய்துவிடும்?

பெரிய கேமரா வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான். முழு நிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 11, ஷட்டர் நூறில் ஒரு விநாடி. பாதி நிலாவென்றால் ஷட்டர் நேரத்தை நாலு மடங்கு வரை கூட்டலாம்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் கிராமத்தில் எடுத்த நிலாப் படம் உலகப் புகழ்பெற்றது. சாயும் வெயில் மறைவதற்குள் எடுத்தாக வேண்டும். வெளிச்சம் அளக்கும் மீட்டரோ கைக்கு அகப்படவில்லை. நிலாவின் வெளிச்சம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதை வைத்தே கணக்குப் போட்டு எடுத்துவிட்டார்.

படத்தில் நிலாவின் அளவு வேறு விஷயம். அதில் லென்ஸின் குவியத் தூரம்தான் பேசும். லென்ஸின் மில்லிமீட்டரை 110ஆல் வகுத்தால், சென்சாரில் விழும் நிலாவின் அளவு கிடைத்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் நிலா அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 500 மி.மீ. லென்ஸில் நாலரை மில்லிமீட்டர். போனின் முதன்மை லென்ஸ் உண்மையில் பெரும்பாலும் ஏழெட்டு மில்லிமீட்டரைத் தாண்டாது. அதைக்கொண்டு எவ்வளவு பெரிதாக்க முடியும்?

அப்படியானால் சில போன்களில் பள்ளங்கள்கூடப் பளிச்சென்று வருகிறதே, எப்படி? 2023 மார்ச்சில் ஒருவர் வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் கேலக்ஸி போனில் எடுத்துப் பார்த்தார். திரையில் இல்லாத நுணுக்கங்கள் போன் படத்தில் முளைத்திருந்தன. நிலாவை அடையாளம் கண்டு ஏஐ மூலம் மெருகேற்றுவதாக நிறுவனமும் விளக்கம் தந்தது. நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. அதனால் போனுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது சுலபம். இது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எதற்குக் காசு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலோ பள்ளியிலோ பைனாகுலர் இருக்கிறதா? அதை அசையாமல் நிறுத்தி, ஒரு கண்வில்லையில் போன் லென்ஸை ஒட்டிப் பிடியுங்கள். வட்டத்துக்குள் நிலா வந்து நிற்கும். நின்றாலும், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தன் அகலம் அளவுக்கு நகர்ந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். பிள்ளைகளுக்கு இந்த வேலை நம்மைவிட நன்றாக வரும்.

இன்னொன்று. பௌர்ணமியை விடுங்கள். அன்று வெயில் நேராக விழுவதால் நிழலே இல்லை, நிலா தட்டையாகத்தான் வரும். சமையலறைக் காலண்டரில் வளர்பிறை அஷ்டமியைத் தேடுங்கள். பாதி நிலா, அந்தி நேரத்திலேயே உச்சிக்கு அருகில் இருக்கும். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு கிடக்கும். நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அஷ்டமி, நிலாப் படத்துக்கு முதல்தரமான நாள்!

கோபுரத்துக்குப் பின்னால் ராட்சச நிலா எழும் படங்களைப் பார்த்து ஏங்குகிறீர்களா? அது நிலாவின் பெருமை அல்ல, நிற்கும் தூரத்தின் பெருமை. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. அதன் முழு உயரத்துக்கு நிலா தெரிய வேண்டுமென்றால் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அங்கேதான் நீண்ட லென்ஸ் வேண்டும். விலைக்கு வாங்காதீர்கள், நகரங்களில் நாள் வாடகைக்கே கிடைக்கிறது.

நட்சத்திரங்களுக்கு எல்லாமே தலைகீழ். அகலமான லென்ஸ், நீண்ட நேர ஷட்டர், நிலா இல்லாத அமாவாசை இரவு. டிரைபாடில் வைத்து நைட் மோடு போட்டால் இன்றைய சாதாரண போன்களில் பலவும் சமாளிக்கின்றன. ஆனால் சென்னை வெளிச்சத்தில் எந்த லென்ஸும் உதவாது. காவலூரில் வானாய்வு மையம் அமைந்திருக்கும் ஜவ்வாது மலைப் பக்கம் போய்ப் பாருங்கள். பால்வெளியின் மையம் லண்டன்காரர்களுக்கு அடிவானத்தை ஒட்டித்தான் தெரியும். நமக்கோ வானத்தில் பாதி உயரத்துக்கு ஏறி வருகிறது. காசு கொடுத்து வாங்க முடியாத வசதி இது.

வருகிற வளர்பிறை அஷ்டமியன்று, கையில் இருக்கும் போனோடு மாடிக்குப் போங்கள். எடுத்த படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். எந்த போன், எந்த ஊர் மாடி என்று ஒரு வரி எழுதுங்கள். ஏஐ மெருகு இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதற்காகப் படத்தை ஒதுக்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்