நிலவில் எழுதிய பெயர்



1969-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 20-ஆம் நாள் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இறங்கிய இடம் ‘அமைதிக் கடல்’ என்பது நாம் அறிந்ததே. அப்பெயரை இட்டவர் யார் தெரியுமா? இத்தாலியின் பொலோஞா நகரில் வாழ்ந்த இயேசு சபைக் குருவானவர் ரிச்சோலி. மனிதன் அங்கே கால் பதிப்பதற்கு 318 ஆண்டுகளுக்கு முன்பே, 1651-இல் வெளிவந்த தம் வானியல் பெருநூலில் அவர் அப்பெயரைப் பொறித்துவிட்டார்.

1609-இல் கலிலேயோ தொலைநோக்கியை நிலவின்பால் திருப்பி, அங்கே மலைகளும் பள்ளங்களும் உண்டெனக் கண்டார். அதன்பின் நிலவுக்குப் படம் வரைந்தோர் பலர். ரிச்சோலியின் நூலுக்கு நிலவுப் படம் வரைந்தவர் அவருடைய சபைத் தோழர் கிரிமால்தி. கருந்திட்டுகளைக் கடல்கள் என்று அழைத்த ரிச்சோலி, வட்டப் பள்ளங்களுக்கு அறிஞர்களின் பெயர்களைச் சூட்டினார். அவற்றுள் பல இன்றும் வழக்கில் உள்ளன.

இங்கே ஒன்றைக் கருத்தூன்றி நோக்க வேண்டும். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்னும் கோப்பர்நிக்கஸின் கொள்கையை ரிச்சோலி ஏற்றவரல்லர். அக்கொள்கைக்காகக் கலிலேயோ உரோமையில் தீர்ப்பிடப்பட்டு அப்பொழுது பதினெட்டு ஆண்டுகளே கழிந்திருந்தன. ஆயினும் அக்கொள்கைக்குச் சார்பாக 49 வாதங்களையும் எதிராக 77 வாதங்களையும் ரிச்சோலி தம் நூலில் நிரல்படத் தந்தார். அம்மட்டோ! நிலவின் எழில்மிகு பள்ளங்களுள் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரையே வைத்தார். அதன் அகலம் ஏறத்தாழ 93 கிலோமீட்டர்.

ரிச்சோலியின் முடிவு பிழையானது. அவர் கடலென்றதும் கடலன்று. பண்டு உருகி ஓடி உறைந்த எரிமலைப் பாறைச் சமவெளி என்பதை அப்பல்லோ 11 கொணர்ந்த கற்கள் காட்டின. அறிவு பிழைத்த இடத்திலும் அவருடைய நேர்மை பிழைக்கவில்லை.

நம் இல்லங்களிலோ நிலைமை வேறு. பாகப்பிரிவினையில் மனம் கசந்த உடன்பிறந்தவரின் பெயரைத் திருமண அழைப்பிதழில் விட்டுவிடுகிறோம். அவ்வாறு பெயர் விடுபட்ட அழைப்பிதழ்களை என் கையிலேயே வாங்கியிருக்கிறேன். மணவறையில் மகிழ்ச்சி இருந்தும், பந்தியில் ஓர் இடம் வெறுமையாய்க் கிடந்தது. அவர் கருத்தை நாம் ஏற்க வேண்டுமென்பதில்லை. அவர் பெயரை மறைக்காதிருந்தால் போதும்.

வளர்பிறையின் பத்தாம் நாள் மாலை, பைனாகுலர் கிடைத்தால் நிலவைப் பாருங்கள். கோப்பர்நிக்கஸ் பள்ளம் தெளிவாய்த் தெரியும். அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் பார்ப்பது நலம்.